சுல்தானாவின் வாய்

மறுபடியும் கத்தியை எடுக்கிறாள். முந்தானையில் துடைக்கிறாள், விளக்குக்கு நேராகப் பிடித்துப் பார்க்கிறாள், நாற்காலியில் கட்டிப்போட்டிருக்கும் போலீஸ்காரனிடம் குனிந்து ஏதோ சொல்கிறாள், கத்தி இறங்குகிறது, திரை இருட்டாகிறது, அடுத்த நொடி எல்லாம் முதலிலிருந்து, மறுபடியும் கத்தியை எடுக்கிறாள். டப்பிங் என்றால் இதுதான். ஒரு துண்டுப் படத்தை லூப்பாகச் சுற்றவிடுவார்கள், அது செக்குமாடு மாதிரி சுற்றிக்கொண்டே இருக்கும், அதன் வாய் திறக்கிற இடத்தில் என் வாய் திறக்க வேண்டும், அது மூடுகிற இடத்தில் மூட வேண்டும். முப்பது வருஷமாக இதுதான் என் பிழைப்பு. இந்தப் படத்தில் அவள் பெயர் சுல்தானா, துறைமுகத்தையே கைக்குள் வைத்திருக்கும் வில்லி. நடித்த பெண் மும்பைக்காரி, வணக்கம் தவிரத் தமிழில் ஒன்றும் தெரியாது. மூன்று நாளாக அவளுக்காக நான்தான் மிரட்டுகிறேன், சிரிக்கிறேன், மூச்சு வாங்குகிறேன். இந்தக் கொலையோடு வேலை முடிகிறது, முடிந்திருக்க வேண்டும், வீட்டுக்குப் போகிற வழியில் வஞ்சிரம் வாங்கலாமா சங்கரா வாங்கலாமா என்றுகூட யோசித்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் ஹெட்ஃபோனில் டைரக்டர் தம்பி பேசினான். "ஹமீதாக்கா, கத்தியை இறக்கறதுக்கு முன்னாடி ஒரு பிஸ்மில்லா போட்டுக்கலாம்க்கா. செம கெத்தா இருக்கும்." ரசத்துக்குக் கொஞ்சம் பெருங்காயம் போட்டுக்கலாம் என்கிற மாதிரி சொன்னான்.

தண்ணீர் குடித்தேன், பாட்டில் மூடியைத் திருகித் திருகி மூடினேன். குரலை வைத்துப் பிழைக்கிறவளுக்கு இது ஒரு வசதி, தண்ணீர் குடிக்கும்போது யாரும் அவசரப்படுத்த மாட்டார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தாமோதரன் உட்கார்ந்திருக்கிறார், ஒலிப்பதிவு அவர்தான், என்னோடு சேர்ந்து இந்தத் தொழிலில் நரைத்தவர். தலையைத் தூக்காமல் பட்டன்களையே பார்க்கிறார். அங்கே பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை என்பது அவருக்கும் தெரியும் எனக்கும் தெரியும். அவருக்குப் பக்கத்தில் டைரக்டர் ஆதிரையன். முதல் படம், நல்ல பிள்ளைதான், மூன்று நாளும் எனக்கு நாற்காலியை அவனே இழுத்துப் போடுகிறான், மத்தியானம் அக்காவுக்கு இன்னொரு துண்டு மீன் வைங்க என்று சொல்கிறான். கெட்டவன் என்றால் எனக்குச் சுலபம். கெட்டவர்களைத் திட்டி எனக்குப் பழக்கம் உண்டு. "லிப்ல அது இல்லையே தம்பி" என்றேன். லிப்பில் என்ன இருக்கிறது என்று இங்கே எல்லோருக்கும் தெரியும், அந்த மும்பைக்காரி வசனம் வராமல் ஒன் டூ த்ரீ ஃபோர் ஃபைவ் சிக்ஸ் என்று எண்ணியிருக்கிறாள், வெளியூர்ப் பெண்கள் எண்ணுவதுதான், நாங்கள் அந்த எண்ணிக்கையின் மேல் தமிழைப் பூசுவோம். வசனம் எழுதினவரும் அந்த இடத்தில் ஏதாவது மிரட்டல் என்று விட்டுவிட்டார். "அதனாலதான்க்கா சொல்றேன். ஃபுல்லா சொன்னா கரெக்டா ஒட்டும், நான் சொல்லிப் பாத்துட்டேன். பிஸ்மில்லாஹிர் ரஹ்மான்... மிச்சம் என்னக்கா அது?" மிச்சம் ரஹீம்டா தம்பி. மனசுக்குள்தான் சொன்னேன். வாய்விட்டுச் சொன்னால் அந்தச் சுல்தானா டக்கென்று அதைப் பிடுங்கித் தன் வாயில் போட்டுக்கொள்வாளோ என்று ஒரு கிறுக்குப் பயம். நடித்தவள் சொல்லவில்லை. எழுதினவர் எழுதவில்லை. அவளுடைய அந்த வாயில் அந்த வார்த்தை இன்னும் இல்லை, நான் வைத்தால்தான் இருக்கும்.

மிச்சம் என்ன என்று கேட்கிறான். அதைச் சொல்வதென்றால் உத்தமபாளையத்தில் எங்கள் சமையலறையிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அம்மா முட்டை உடைத்தால் பிஸ்மில்லா, அரிசிப் பானையைத் திறந்தால் பிஸ்மில்லா, கொதிக்கிற உலையை இறக்கினால் பிஸ்மில்லா, ஊசியில் நூல் கோத்தால் பிஸ்மில்லா, நடை பழகுகிற தம்பி தொப்பென்று விழுந்தால் ஓடிவந்து தூக்கிக்கொண்டே பிஸ்மில்லா. அதில் பக்தி எவ்வளவு பழக்கம் எவ்வளவு என்று யார் பிரித்துப் பார்த்தார்கள். நான் ஒன்றும் பெரிய தொழுகைக்காரி இல்லை. சில வேளை ஸ்டூடியோவில் போய்விடும், சில வேளை தூக்கத்தில் போய்விடும். நோன்பை மட்டும் விடமாட்டேன், வறண்ட தொண்டையோடு குரல் கொடுத்தால் பேய் நன்றாக வரும். ஆனால் இந்த ஒரு வார்த்தை என்னைக் கேட்காமல் வருகிறது, லிஃப்ட் பட்டனை அமுக்கும்போது வருகிறது, செல்போனை சார்ஜில் போடும்போது வருகிறது, இதே மைக்குக்கு முன்னால் முதல் வரி பேசுவதற்கு முன்னால் உதட்டுக்குள் வந்துவிட்டுத்தான் மற்றதெல்லாம் வருகிறது, அம்மன் படத்துக்குப் பேசினபோதும் வந்தது, எந்த மைக்கிலும் அது விழுந்ததில்லை. என் அப்பா, நாங்கள் அத்தா என்போம், அவர் ஒருவர்தான் அதைப் பாதியில் நிறுத்துவார். பஜாரில் கறிக்கடை வைத்திருந்தார். ஆட்டுக்கு முதலில் தண்ணீர் காட்டுவார், கத்தியை அதன் கண்ணில் காட்ட மாட்டார், உடம்போடு ஒட்டி மறைத்து வைத்துக்கொண்டு பிஸ்மில்லாஹி அல்லாஹு அக்பர் என்பார், அவ்வளவுதான். ரஹ்மானும் கிடையாது ரஹீமும் கிடையாது. சோற்றில் கை வைக்க முழுசாகச் சொல்கிற மனுஷன் இதற்கு மட்டும் ஏன் குறைக்கிறார் என்று கேட்டேன். "கத்தியக் கையில வச்சுக்கிட்டு இரக்கமுள்ளவன், அன்புள்ளவன்னு சொல்ல எப்பிடித்தா வாய் வரும்?" என்றார், என்றுவிட்டுக் கைகழுவப் போய்விட்டார். ஒரு ஆட்டுக்கே சொல்லக் கூசின வார்த்தை. இங்கே ஒரு மனுஷனைக் கட்டிவைத்துக்கொண்டு முழுசாகச் சொல்ல வேண்டுமாம். அப்போதுதான் லிப்புக்கு ஒட்டுமாம்.

மறுபடியும் கத்தியை எடுக்கிறாள். சனியனே, கொஞ்சம் கீழேதான் வையேன். அவளைத் திட்ட வாய் வருகிறதே ஒழிய மனசு வரவில்லை, அவளை எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது, அதுதான் சிக்கல். இத்தனை வருஷத்தில் எனக்குக் கிடைத்ததெல்லாம் அத்தை, சித்தி, பக்கத்து வீட்டுக்காரி, ஆஸ்பத்திரி வாசலில் ஐயோ என் புள்ள என்று கத்திவிட்டுக் காணாமல் போகிற அம்மா. ஆவிகள் நிறைய. ஹீரோயின் குரலெல்லாம் எனக்கு எப்போதும் கிட்டினதில்லை, என் குரலில் சர்க்கரை போதாது என்றார்கள். இந்த வயசில் ஒருத்தி வந்தாள், படம் முழுக்க அவளுடையது. மந்திரியின் மேஜையில் காலை நீட்டி உட்கார்ந்து வேர்க்கடலையை உரித்துக்கொண்டே, "உன் நாற்காலிக்கு நாலு கால், அதுல மூணு என்னோடது" என்கிறாள், அந்த வரியை நான் பேசி முடித்தபோது தாமோதரன் கண்ணாடிக்கு அப்பாலிருந்து கட்டைவிரலை உயர்த்தினார், அவர் அப்படியெல்லாம் உயர்த்துகிற ஆள் இல்லை. அன்று வீட்டில் பாத்திரம் கழுவும்போதுகூட நான் சுல்தானாவாகத்தான் கழுவினேன். அவளை விட்டுவிட்டு வர எனக்கு மனசில்லை, இப்போதே சொல்லிவிடுகிறேன், தியாகம் கியாகம் ஒன்றும் என்னிடம் கிடையாது. ஆனால் அவளைப் பார்க்கப் பார்க்க எரிச்சலாகவும் வருகிறது. படம் முழுக்க அவள் ஒரு வேளை தொழுது நான் பார்க்கவில்லை, ஒரு ரூபாய் ஸதகா கொடுத்தும் பார்க்கவில்லை, அவள் செய்கிற தொழிலுக்கும் அல்லாவுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. இருந்தாலும் அவள் வீட்டில் எல்லா விளக்கும் பச்சை. எங்கள் தெருவில் எல்லார் வீட்டிலும் ட்யூப் லைட். கண்ணில் சுருமாவை அள்ளி அப்பியிருக்கிறார்கள், கையில் தொழுகைக்கு அப்புறம் எண்ணுகிற தஸ்பீஹ் மணியைக் கொடுத்து அதை வண்டிச் சாவி மாதிரி விரலில் சுற்றச் சொல்லியிருக்கிறார்கள், அவள் நடந்து வந்தால் பின்னணியில் தொழுகைக்கு அழைக்கிற பாங்கு மாதிரி ஒரு இழுப்பு இழுக்கிறார்கள், அந்த இழுப்பு வந்தால் யாரோ சாகப்போகிறார்கள் என்று ஜனங்களுக்குப் புரிந்துவிடும். எங்கள் பள்ளிவாசல் மோதினார் பாவம், ஜலதோஷத்தோடு பாங்கு சொல்கிறவர், அவர் சொன்னால் ஜனங்கள் கடிகாரத்தைத்தான் பார்ப்பார்கள்.

இதெல்லாம் நேற்றைக்கு வந்ததா என்ன. நான் தொழிலுக்கு வந்த புதிதில் கடத்தல்காரன் நெஞ்சில் சிலுவை தொங்கும், அவன் பெயர் இங்கிலீஷ் பெயராக இருக்கும், பக்கத்தில் கண்ணாடிக் கோப்பையோடு ஒருத்தி நிற்பாள், அவளுக்கு நான் சிரித்துக் கொடுத்திருக்கிறேன். அப்புறம் பண்ணையார், நெற்றி நிறைய விபூதி, கழுத்து நிறைய ருத்ராட்சம், பூஜையை முடித்துவிட்டு வெளியே வந்து குடிசைக்குத் தீ வைக்கச் சொல்வார். அப்புறம் மந்திரவாதி, மண்டையோடு, குங்குமம். பெண் வில்லிகளுக்குப் பொட்டு. பொட்டு பெரிதாகப் பெரிதாகக் குரலை அடியில் இறக்க வேண்டும், ஒரு ரூபாய் அளவுக்கு வந்துவிட்டால் வயிற்றிலிருந்து பேச வேண்டும், இது எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. ஓம் க்ரீம் என்று என்னென்னவோ நானும் சொல்லியிருக்கிறேன், எலுமிச்சம்பழத்தை நறுக்கிக்கொண்டே சொல்லியிருக்கிறேன். அப்போது வராத ரோஷம் இப்போது எங்கிருந்து வந்தது என்று யாராவது கேட்டால், கேட்கத்தான் செய்வார்கள், நானே கேட்கிறேன், மாமியார் உடைத்தால் மண்குடம் மருமகள் உடைத்தால் பொன்குடமா என்று நானே என்னைக் கேட்கிறேன். இல்லை. பண்ணையாரின் விபூதியை ஜனங்கள் வேஷம் என்று கண்டுகொண்டார்கள், ஏன், அதே படத்தில் ஹீரோவின் அம்மா நெற்றியிலும் விபூதி இருந்தது, தியேட்டரில் பார்த்துக்கொண்டிருந்தவன் நெற்றியிலும் இருந்தது. அவனுக்கு அது எப்படி இருக்கும் என்று வீட்டிலேயே தெரியும். மந்திரவாதியை அழிக்கக் கடைசியில் அம்மனே வந்தாள். அம்மனுக்கும் நான்தான் பேசினேன், மூன்று அம்மன் படத்துக்குப் பேசியிருக்கிறேன், ஏதோ ஒரு ஊர் டூரிங் டாக்கீஸில் என் குரலைக் கேட்டு ஒரு பெண்ணுக்கு அருள் வந்து மடியில் இருந்த முறுக்கெல்லாம் சிதறிப்போனதாகச் சொன்னார்கள், எனக்குப் பெருமை தாங்கவில்லை. மனசாரத்தான் பேசினேன். அந்தப் பெண்ணின் சாமிக்கு என்னால் ஒரு குறையும் வரவில்லை. சுல்தானாவின் பிஸ்மில்லாவை யார் வந்து சரிக்கட்டுவது? இந்தப் படத்தில் ஹீரோவின் அம்மா முட்டை உடைக்கும்போது அதைச் சொல்லப்போகிறாளா?

"அக்கா, ரெடியா? உங்களுக்குத்தான் இது நேச்சுரலா வரும். வேற யாரு சொன்னாலும் செயற்கையா இருக்கும்." நேச்சுரலா வரும் என்கிறான். வரும்தான், அதில் என்ன சந்தேகம், எனக்கு வருகிற மாதிரி அவனுக்கு வேண்டாமே, நான் சொல்வது சோற்றுக்கு முன்னால் சொல்கிற சொல். இங்கே வந்து என் நினைப்பு கால் இடறி நிற்கிறது, எப்போது இதைத் தொட்டாலும் இங்கேதான் வந்து நிற்கிறது, வைகை எக்ஸ்பிரஸ், பகல் வண்டி, ஜன்னல் ஓரம். அத்தாவின் மய்யித்துக்குப் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தேன். விழுப்புரம் தாண்டிப் பசி வந்தது, தம்பி மனைவி கட்டிக்கொடுத்த டப்பாவைத் திறந்தேன், தக்காளிச் சோறு, அவித்த முட்டை, பிஸ்மில்லா என்றேன், எனக்கே கேட்காத சத்தத்தில்தான். எதிரே ஒரு சின்னப் பெண், இரண்டு பக்கமும் குடுமி போட்டிருந்தாள், அதுவரைக்கும் என்னோடு ஊர்ப்பேர் சொல்லி விளையாடிக்கொண்டு வந்தவள். அம்மாவின் கையைப் பிடித்து இழுத்தாள். "அம்மா, அம்மா, படத்துல குண்டு வெடிக்கறதுக்கு முன்னாடி இதைத்தானே சொல்வாங்க?" என்றாள். கேலியாகச் சொல்லவில்லை. கண்டுபிடித்துவிட்ட சந்தோஷத்தில் சொன்னாள். அவளுடைய அம்மா வாயைப் பொத்தினாள், என்னைப் பார்த்து, "தப்பா எடுத்துக்காதீங்கக்கா, டிவி பாத்து பாத்துக் கெட்டுப்போகுது" என்றாள். நல்ல மனுஷி. ஆனால் பெண்ணைத் தூக்கி அந்தப் பக்கம் உட்காரவைத்துக்கொண்டாள், அதைச் செய்ததே அவளுக்குத் தெரிந்திருக்காது, கை தானாகச் செய்தது. நான் முட்டையை நீட்டினேன். வேணாம்க்கா, இப்பதான் சாப்பிட்டா. அத்தா செத்த அழுகையை ஊரிலேயே அழுது முடித்துவிட்டேன் என்று நினைத்திருந்தேன். முழுச்சோற்றையும் தின்றேன், வேண்டுமென்றே ஒரு பருக்கை விடாமல் தின்றேன். அதற்கப்புறம் ரயிலில் நான் வாய் திறந்து சொல்வதில்லை. பஸ்ஸிலும் இல்லை. ஸ்டூடியோவில் நாலு பேரோடு சாப்பிட உட்கார்ந்தாலும் பல்லைக் கடித்துக்கொண்டு உள்ளுக்குள்ளேதான் சொல்கிறேன், திருடின மிட்டாயை ஒதுக்கிவைத்துக்கொள்கிற மாதிரி. எனக்கு இதில்தான் கோபம். அந்தக் குழந்தை மேல் இல்லை, அவள் அம்மா மேல்கூட இல்லை. அவள் சொன்ன படம் எதுவென்று எனக்குத் தெரியும், அதில் குண்டு வைத்தவனுக்குப் பேசினவர் எங்கள் ஆள் சந்தானகோபாலன், தங்கமான மனுஷர், என் மகள் கல்யாணத்தில் வாசலில் நின்று பன்னீர் தெளித்தவர். அவருக்கு அது ஒரு லூப். பேசிவிட்டுக் காப்பி குடித்திருப்பார்.

"தம்பி, ஒரு சந்தேகம். அந்தப் பொம்பளை எதுக்குக் கொல்றா?" என்று கேட்டேன். "சரக்கைப் புடிச்சுட்டான்ல அந்த போலீஸ். பழி வாங்கறா." "சரக்குக்குத்தானே. அப்ப சரக்கைப் பத்தியே ஏதாவது சொல்றேனே. 'என் கப்பலையா மறிச்சே'ன்னு சொல்றேன், ஒட்டும்." "ஒட்டும்க்கா, ஆனா பயம் வராது." பயம் வராதாம். கை, கத்தி, கட்டிப்போட்ட மனுஷன், இத்தனை இருந்தும் வராத பயம் என் அம்மாவின் வார்த்தையைப் போட்டால் வந்துவிடுமாம். எங்கள் வீட்டில் பயம் போவதற்குச் சொல்வது அது. அவனுக்கே ஏதோ உறைத்திருக்க வேண்டும், குரலை இறக்கினான். "அக்கா, நான் அப்படிப்பட்ட ஆள் இல்லக்கா. தப்பா நினைச்சுக்காதீங்க. அதனாலதான் செகண்ட் ஹாஃப்ல ஒரு நல்ல பாய் வெச்சிருக்கேன், பாத்தீங்கல்ல? ஹீரோவைக் காப்பாத்தி அவன் மடியிலயே செத்துப்போவாரே." பார்த்தேன். பிரியாணிக்கடை பாய். வருகிறார், ஹீரோவுக்கு ஓசியில் பிரியாணி போடுகிறார், பாரத மாதாவைப் பற்றி ஒரு வசனம் பேசுகிறார், குண்டை நெஞ்சில் வாங்கிக்கொண்டு செத்துப்போகிறார். எல்லாப் படத்திலும் அவர் வருகிறார், எல்லாப் படத்திலும் செத்துப்போகிறார். "நல்லவனா இருக்கணும்னா நாங்க ஏன் தம்பி சாகணும்? கடையச் சாத்திட்டு வீட்டுக்குப் போயித் தூங்கக் கூடாதா?" என்றேன். சிரித்துவிட்டான். தாமோதரன் சிரிக்கவில்லை. சிரித்து முடித்தபின் ஆதிரையனின் குரலில் கொஞ்சம் டைரக்டர் ஏறியிருந்தது. "அக்கா, ப்ரொட்யூசர் இந்த ஷாட்டைத்தான் டீசர்ல வைக்கச் சொல்றாரு. நீங்க சொல்லலைன்னா வேற ஆளை வெச்சுச் சொல்லணும். ஒரு வரிக்கு மட்டும் வேற குரல் போட முடியாது, உங்களுக்கே தெரியும். அப்புறம் முழுப் படத்தையும் மாத்தற மாதிரி ஆயிடும்." சொல்லிவிட்டு, "எனக்கு அது வேணாம்க்கா" என்றும் சொன்னான், அதுவும் நிஜம்தான், குரல் உடைந்திருந்தது.

முழுப் படமும். மந்திரியின் மேஜை, வேர்க்கடலை, நாற்காலியின் மூன்று கால், எல்லாம் அழிந்து வேறு யாரோ ஒருத்தி அதன்மேல் பேசுவாள். யார் வருவாள் என்று எனக்குத் தெரியும், கோமளவல்லி வருவாள், நல்ல குரல், ஆனால் அவள் சுல்தானாவை வெறும் கத்தலாகக் கத்தித் தீர்ப்பாள், சுல்தானா கத்துகிறவளே இல்லை. பிஸ்மில்லாவையும் கோமளவல்லி சொல்லத்தான் போகிறாள். தியேட்டரில் அது ஒலிக்கத்தான் போகிறது, டீசரில் ஒலிக்கும், டீக்கடையில் செல்போனில் ஒலிக்கும், நான் சொன்னாலும் ஒலிக்கும் சொல்லாவிட்டாலும் ஒலிக்கும், அப்படியிருக்க என் வாயை மட்டும் சுத்தமாக வைத்துக்கொண்டு நான் என்ன சாதிக்கப்போகிறேன், ஊரே நனையும்போது நான் ஒருத்தி குடை பிடித்து என்ன ஆகப்போகிறது. சொல்லிவிட்டுப் போ ஹமீதா, ஒரு மூச்சு, ஒரு லூப், அப்புறம் வஞ்சிரமோ சங்கராவோ வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போ, அல்லாவுக்குத் தெரியாதா உன் மனசு. அல்லாவுக்குத் தெரியும். அவனுக்குத் தெரியவைப்பதா என் கவலை? ரயிலில் அந்தக் குடுமிப் பெண்ணுக்கு இப்போது கல்யாண வயசு இருக்கும், அவளுக்குத் தெரியாதே. அவளுக்கு என் குரலிலேயே இன்னொரு தடவை சொல்லிக்கொடுக்கவா? ஆமாம் கண்ணு, நீ சொன்னது சரி, இதைத்தான் சொல்வோம், முழுசாகவே சொல்வோம், இரக்கமுள்ளவன் அன்புள்ளவன் என்று சொல்லித்தான் கழுத்தில் வைப்போம் என்று. ஏன் சொல்ல வேண்டும்? யார் வேண்டுமானாலும் சொல்லட்டும். கோமளவல்லிக்கு அது ஒரு லூப், சந்தானகோபாலனுக்கு அது ஒரு லூப். எனக்கு அப்படி இல்லை என்று ஒருத்தியாவது இந்தக் கூண்டுக்குள் நின்று சொல்ல வேண்டாமா, முப்பது வருஷமாக ஊரார் வாய்க்கெல்லாம் குரல் கொடுத்தவள் தன் வாய்க்கு ஒரு தடவை கொடுக்கக் கூடாதா. காது இரண்டும் ஹெட்ஃபோனுக்குள் சூடாகிவிட்டன.

"போலாமாக்கா?" போலாம் என்று தலையை ஆட்டினேன். தாமோதரன் முதல் தடவையாக நிமிர்ந்து என்னைப் பார்த்தார், வேண்டாம் என்றும் சொல்லவில்லை சரி என்றும் சொல்லவில்லை, பட்டனை அமுக்கினார். சிவப்பு விளக்கு எரிந்தது. மறுபடியும் கத்தியை எடுக்கிறாள். நான் என்ன நினைத்தேன் என்றால், அவள் பாட்டுக்கு வாயசைத்துவிட்டுப் போகட்டும், லூப் முடிந்தபின் ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டு, கண்ணாடி வழியாக அந்தத் தம்பியின் முகத்தைப் பார்த்து, மரியாதையாக, கோபமில்லாமல் சொல்லிவிட்டு வரலாம் என்றுதான் நினைத்தேன். முந்தானையில் துடைக்கிறாள். விளக்குக்கு நேராகப் பிடிக்கிறாள். போலீஸ்காரனிடம் குனிகிறாள், அவள் உதடு பிரிகிறது, என் உடம்பு என் பேச்சைக் கேட்கவில்லை, திரையில் ஒரு வாய் திறந்தால் என் வாயும் திறந்துதான் பழக்கம், வயிற்றிலிருந்து மூச்சு கிளம்பி வந்துவிட்டது, சத்தமே போடாமல், அத்தனை அமைதியாக, சுல்தானா மந்திரியிடம் பேசின அதே அடிக்குரலில் வந்துவிட்டது. "நான் சொல்ல மாட்டேன்." கத்தி இறங்கியது. சிவப்பு விளக்கு அணைந்தது.

"அக்கா..." என்று ஆரம்பித்தான் ஆதிரையன், முடிக்கவில்லை. "தம்பி, முழுப் படத்தையும் மாத்திக்கங்க. கோமளவல்லிகிட்ட அவளைக் கத்தவிடாதீங்க, அவ கத்துறவ இல்லை" என்றேன், குரல் எனக்கே அம்மாவின் குரலாகக் கேட்டது, உலையை இறக்கிவிட்டு நிமிர்கிற அம்மா. பதிவு முடிந்ததும் அதைப் போட்டுப் பார்ப்பது எங்கள் வழக்கம், யார் சொல்லவும் வேண்டியதில்லை. தாமோதரனின் கை அதுபாட்டுக்குப் போய் அமுக்கியதோ, வேண்டுமென்றேதான் அமுக்கினாரோ, நான் இன்றைக்கு வரைக்கும் அவரைக் கேட்கவில்லை. சுல்தானா கத்தியை எடுத்தாள், துடைத்தாள், வெளிச்சத்தில் பார்த்தாள், குனிந்தாள். "நான் சொல்ல மாட்டேன்" என்றாள். ஒரு இழை பிசகாமல் ஒட்டியிருந்தது. திரை இருட்டாகி மறுபடியும் முதலிலிருந்து வந்தது, மறுபடியும் குனிந்து மறுபடியும் சொன்னாள். ஆதிரையன் தாமோதரனிடம் ஏதோ சொல்வது தெரிந்தது, அழிக்கச் சொல்லியிருப்பான், தாமோதரன் பட்டன்களைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். நான் ஹெட்ஃபோனைக் கழற்றி ஆணியில் மாட்டினேன், பையை எடுத்துக்கொண்டேன். கழற்றிவிட்டதால் சத்தம் கேட்கவில்லை. அவள் மட்டும் அங்கே பச்சை வெளிச்சத்தில், சுருமா அப்பின கண்ணோடு, அவர்கள் இரண்டு பேருக்கும் முன்னால், திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே இருந்தாள்.